வருவோர் பெருகினால் வருவாய் யாருக்கு?

சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை நகரியைக் கடந்து செல்கிறது. விடியற்காலையில் அச்சாலையோரம் நின்றால், பேருந்துகளும் மகிழுந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக விரைவதைக் காணலாம். திருமலைக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 2.5 கோடிப் பேர் செல்கின்றனர். நகரியிலிருந்து திருப்பதி அறுபது கிலோமீட்டர் அளவே. ஆயினும் நகரியின் பிழைப்பு விசைத்தறியில்தான் உள்ளது.

"சார், இவ்வளவு பேர் வந்தால் இப்பகுதியில் எல்லோரும் பணக்காரர் ஆகியிருக்க வேண்டுமே?" என்று மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டாள். நல்ல வினா. பொருளியல் அறிஞர்களும் இதையே உலகநாடுகள் பலவற்றை ஒப்பிட்டு ஆராய்கின்றனர்.

ஒரு நாட்டின் மொத்த வருமானம் உயர்வது வேறு. அது பலருக்கும் பரவுவது வேறு. பரவலை அளக்க, இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ கினி 1912-ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வகுத்தார். எல்லோருக்கும் சமமான வருமானம் இருந்தால் அதன் மதிப்பு 0. முழு வருமானமும் ஒருவரிடமே குவிந்தால் ஏறத்தாழ 1. சுற்றுலா வளர்ந்தபோது இம்மதிப்பு சில நாடுகளில் குறைகிறது. சில நாடுகளில் கூடுகிறது. ஏன்?

ஒரு குடும்பம் பயணத்திற்கு 4,000 ரூபாய் செலவிடுவதாகக் கொள்வோம். சென்னையிலேயே முழுத் தொகையையும் ஒரு பயண நிறுவனத்திடம் செலுத்தி, அன்றிரவே திரும்பிவிட்டால், பணத்தின் பெரும்பகுதி சென்னையிலேயே தங்கிவிடும். அதே குடும்பம் திருப்பதியில் ஓரிரவு தங்கினால், விடுதிப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், இட்லிக் கடைக்காரர், துணி வெளுப்பவர் எனப் பல கைகளுக்கு அப்பணம் செல்லும். பயணி செலவிட்டும் அவ்வூரில் தங்காமல் வெளியேறும் பணத்தைக் 'கசிவு' என்பர்.

கசிவு குறைந்தாலும் சமநிலை தானே வந்துவிடாது. பயணிகள் பெருகும் நகரில் மனையின் விலையும் வீட்டு வாடகையும் ஏறுகின்றன. மனை உடையவர் அதனால் செல்வர் ஆகிறார். அதே நகரில் வாடகை வீட்டில் இருக்கும் விடுதிப் பணியாளருக்கோ, கூடிய கூலியை வாடகையே விழுங்கிவிடுகிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினரே. வாடகை உயர்ந்த பேச்சை நம் வீடுகளிலும் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

இனி மாலத்தீவைக் காண்போம். அங்குச் சுற்றுலா 1972-ஆம் ஆண்டில் தொடங்கியது. நெடுங்காலம் வரை விடுதிகள் பெரும்பாலும் மக்கள் வாழாத தீவுகளிலேயே அமைந்தன. வெளிநாட்டார் நேரே அத்தீவுக்குச் சென்று, அங்கேயே உண்டு, அங்கிருந்தே திரும்பினர். அவர்கள் உண்ட உணவிலும் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது. அடுத்த தீவில் வாழ்ந்த மீனவக் குடும்பம் தன் வீட்டின் ஓர் அறையைக்கூட அவர்களுக்கு வாடகைக்கு விட இயலவில்லை. 2009-ஆம் ஆண்டில் விதி மாறியது. மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த இசைவு கிடைத்தது. வந்த பயணியர் அதே கடலைக் காணவே வந்தனர். ஆனால் அவர்கள் தந்த பணம் ஊர்த்தெருவுக்குள்ளும் நுழைந்தது.

2020-ஆம் ஆண்டு மார்ச் 20 முதல் ஏறத்தாழ எண்பது நாள், கொரோனா தொற்றினால் திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. மாதச் சம்பளம் உடையவருக்கும் அன்றாடச் சவாரியை நம்பிய ஆட்டோ ஓட்டுநருக்கும் அந்நாள்கள் ஒன்றாக இருந்திருக்க முடியாது. சுற்றுலாவின் ஆதாயம் சமமாகப் பங்கிடப்படாதது போலவே, அதன் இழப்பும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை.

நகரிக்குத் திரும்புவோம். புரட்டாசி மாதத்தில், மஞ்சள் ஆடை உடுத்தித் திருப்பதிக்கு நடந்தே செல்வோர் உண்டு. பேருந்தில் விரைபவர் நகரியின் பெயர்ப்பலகையைக்கூடப் படிப்பதில்லை. நடந்து வருபவரோ சாலையோரம் அமர்ந்து மோர் குடிக்கிறார், தேநீர் வாங்குகிறார், அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுக்கிறார். அவர் மடியில் இருப்பது சில நூறு ரூபாய்தான். அதில் ஒரு பங்கு நகரிக்குக் கிடைக்கிறது.