நூறு பவுண்டுக் கணக்கு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஓடும் மோட்டார் வண்டிகளின் எண்பலகையில், ‘அமெரிக்காவின் பால் நாடு’ என்ற வாசகம் 1940 முதல் பொறிக்கப்பட்டு வருகிறதென்றால், அம்மாகாணத்தார் கறவை மாட்டின்மீது வைத்துள்ள அபிமானத்தை வேறு சொல்லி விளக்க வேண்டியதில்லை. அதன் நடுப்பகுதியிலுள்ள கிளார்க் கவுண்டியோ, பால் பண்ணைகளின் எண்ணிக்கையில் மாகாணத்திலேயே முன்வரிசையில் நிற்பது. மழையை எதிர்பார்ப்பது போலவே, விலை சரியும் மாதங்களில் சர்க்காரின் சகாயத்தையும் எதிர்பார்த்து வாழப் பழகிவிட்டவர்கள் அங்குள்ள குடியானவர்கள்.

அந்தச் சகாயத்தின் பூர்வ சரித்திரம் விசித்திரமானது. பால் விலை விழாதிருக்கும் பொருட்டு, வெண்ணெயையும் பால் பவுடரையும் பாலாடைக்கட்டியையும் சர்க்காரே வாங்கிக் கொள்ளும் பொறுப்பை 1949-ஆம் ஆண்டு விவசாயச் சட்டம் நிலைநாட்டிற்று. 1977-க்குப் பின் ஆதரவு விலை உயர உயரப் பாலும் பெருகி, 50 கோடிப் பவுண்டுக்கு மேற்பட்ட பாலாடைக்கட்டி கிடங்குகளிலும் மிஸௌரியின் சுண்ணாம்புக்கல் குகைகளிலும் தேங்கிவிடவே, 1981 டிசம்பரில் ஜனாதிபதி ரீகன் அதில் 3 கோடிப் பவுண்டை ஏழைகளுக்கு வழங்க உத்தரவிட்டார். அதிகம் கறக்கப் பணம் கொடுத்த அதே கை, 1983-இல் சட்டமியற்றி, கறவையைக் குறைப்பவர்களுக்குக் குறைத்த ஒவ்வொரு நூறு பவுண்டுக்கும் 10 டாலர் கொடுத்தது. அதுவும் போதாதென்று 1986-இல், மந்தை முழுவதையும் கசாப்புக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்பிவிட்டு ஐந்தாண்டுகள் தொழிலையே துறக்கச் சம்மதித்த சுமார் 14,000 பேருக்கும் பணம் கொடுத்தது. அவ்வாறு விலக்கப்பட்ட பசுக்கள் வேறொருவர் தொழுவத்துக்குப் போய்விடாதபடி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவற்றின் கன்னத்தில் பெருக்கற்குறி சுட வேண்டுமென்று வந்த விதியை, ரோச்செஸ்டர் நகரத்து நீதிபதி ஒருவர் நிறுத்திவைக்க நேர்ந்தது.

2002-இல் வந்த திட்டம் சற்றே இங்கிதமானது. பாஸ்டன் நகரத்துக் குடிபால் விலை நூறு பவுண்டுக்கு 16.94 டாலருக்குக் கீழே இறங்கினால், குறைந்த தொகையில் 45 சதவீதத்தைச் சர்க்கார் ஈடுசெய்தது. விலை 13.94 டாலராயிற்று என்று வைத்துக்கொண்டால், மாதம் 80,000 பவுண்டு பால் ஊற்றுகிற ஐம்பது மாட்டுக் குடும்பத்திற்கு 1,080 டாலர் கிடைத்திருக்கும். ஆண்டுக்கு 24 லட்சம் பவுண்டுக்குமேல் ஒரு பண்ணைக்குப் பணம் இல்லை என்ற வரம்பு, ஆயிரக்கணக்கில் மாடு கட்டியவர்களைவிடச் சிறியவர்களுக்கே அனுகூலமாயிருந்தது. ஆனாலும், கிளார்க் கவுண்டியில் கணிசமாக வாழும் ஆமிஷ் சமயத்தவரிற் பலர் சர்க்கார் பணத்தைத் தொடுவதே இல்லை.

2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்பொழுது நடப்பது ஒருவகை இன்ஷூரன்ஸ். பாலின் விலையிலிருந்து மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, குதிரைமசால் ஆகிய தீவனங்களின் செலவைக் கழித்து, மிஞ்சுவது பிரீமியம் கட்டித் தேர்ந்துகொண்ட அளவுக்குக் குறைந்தால் ஈடு கிடைக்கும்; அந்த அளவின் உச்சம் நூறு பவுண்டுக்கு 9.50 டாலர். இத்தனை ஏற்பாடுகளுக்கும் நடுவில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 15,000-க்கு மேலிருந்த விஸ்கான்ஸின் பால் பண்ணைகள், 2023-இல் 6,000-க்கும் கீழே வந்துவிட்டன.

காரணம் அந்தக் கழித்தலிலேயே இருக்கிறது. மாடு தின்பதை அது கழிக்கிறது. பாங்குக் கடனின் வட்டியையும், மாட்டு வைத்தியருக்குக் கொடுத்ததையும், பனி உறைந்த விடியலில் எழுந்து கறக்கும் தம்பதியின் கூலியையும் அது கழிப்பதில்லை.