தடுப்பூசியும் மக்கள் ஐயமும்

2022ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், பதினைந்து முதல் பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் கொரோனா தடுப்பூசி போடும் பணி நாடெங்கும் தொடங்கியது. நம் பள்ளிக்கும் சுகாதாரத் துறையினர் வருவதாகச் செய்தி வந்ததும், பெற்றோரின் ஒப்புதல் படிவங்களை வாங்கி வகுப்புவாரியாக அடுக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. அவற்றுள் ஒன்றில் கையெழுத்து இல்லை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "புது மருந்தை எம் பொண்ணுக்கு ஏன் போடணும்? முன்னாடி யாருக்குப் போட்டுப் பாத்தாங்க? பதில் தெரிஞ்சா கையெழுத்துப் போடறேன்."

எனக்கு முதலில் கோபந்தான் வந்தது. உயிர் காக்கும் ஊசியை வாசலுக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள், இவருக்குக் கேள்வி வேறு! அன்று மாலை பேருந்தில் வீடு திரும்புகையில்தான், அதே கேள்வியை ஒன்பது மாதங்களுக்கு முன் நானே என் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் என் பெரியம்மா ஒருவர் இருந்தார். பூண்டி மாதா கோயிலுக்குத் தவறாமல் போய்வருபவர். 2021 ஏப்ரலில் ஊசி போட்டுக்கொள்வதாக இருந்தார். அவ்வமயம் நடிகர் விவேக் மக்களுக்கு நம்பிக்கை ஊட்டும்பொருட்டு, ஏப்ரல் 15ஆம் நாள் சென்னை அரசு மருத்துவமனையில் எல்லாரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 17ஆம் நாள் விடியற்காலையில் காலமானார். ஊரெங்கும் அதே பேச்சு. பெரியம்மா எனக்குத் தொலைபேசியில், "நீ சயன்ஸ் டீச்சர்தானேடி, சொல்லு, போட்டுக்கலாமா வேணாமா?" என்று கேட்டார். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் பெரியம்மா" என்றேன். மே மாதக் கடைசியில் கொரோனாவில் அவர் இறந்துபோனார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆனால் பொறுக்கச் சொன்னவள் நான்.

ஆகவே ஐயப்படுபவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஐயம் என்பது எப்படிப் பிறக்கிறது, அது நேர்மையாகத் தீர வழி என்ன என்பதைத்தான் மாணவச் செல்வங்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஊசிக்கு அஞ்சுவது நேற்று வந்த வழக்கமன்று. இங்கிலாந்தில் ஜென்னர் 1796இல் கண்ட அம்மைத் தடுப்பு முறை, 1802இல் பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தப்பட்டதன் மூலம் நம் நாட்டுக்குள் வந்தது. அம்மை என்பது மாரியம்மன் வீட்டுக்கு வருவது என்று எண்ணிய மக்கள், பசுவின் புண்ணிலிருந்து எடுத்ததைத் தங்கள் பிள்ளையின் கையில் கீறிவிடச் சம்மதிப்பார்களா? சென்னையில் கலெக்டராக இருந்தவரும் திருக்குறளுக்கு உரை எழுதியவருமான எல்லிஸ் துரை, இதற்கு ஒரு தந்திரம் செய்தார். தேவிக்கும் தன்வந்திரிக்கும் நடந்த உரையாடலைப்போல் ஒரு கதையை எழுதி, பசுவின் வழியாக வரும் இம்மருந்து தேவியின் அருளே என்று அதில் சொல்லவைத்தார். நோக்கம் நல்லதுதான். ஆயினும் பொய்யால் பெற்ற நம்பிக்கை, பொய் வெளிப்படும்வரைதானே நிற்கும்? என் மனம் அதை ஏற்கவில்லை.

பெரியம்மை ஒருவழியாக ஒழிந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் காணப்பட்டார். அடுத்த வழக்குக்கு வருவோம். இதில் ஐயம் எழுப்பியவர் எழுத்தறியாத பாமரர் அல்லர். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் சென்னை மாகாண முதலமைச்சராகவும் இருந்த இராஜாஜி!

1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு அவர் உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை நடத்தியபோது, தொண்டர்களுக்குச் சோறும் இடமும் தரக்கூடாதென்று கலெக்டர் தார்ன் தடை போட்டும், தஞ்சை மாவட்டத்து மக்கள் அவர்களைப் பட்டினி போடவில்லை. அப்படிப்பட்டவர் 1955இல், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் பெருந்திரளாகப் போடுவதை எதிர்த்துப் பேசினார். தாம் ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். வலுக்குறைத்ததே ஆயினும் உயிருள்ள கிருமியை, நோயற்ற குழந்தைகளின் உடலில் செலுத்தலாமா? இது பயன் தரும் என்பதற்கு உறுதியான சான்று எங்கே? இவை அவருடைய கேள்விகள். கிண்டியில் 1948இலேயே இம்மருந்து தயாரிக்கும் கூடம் அமைந்திருந்தது. மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் இத்திட்டத்தில் முழு நம்பிக்கை கொண்டவர். எனவே வாதம் சூடாகவே நடந்தது.

யார் சொன்னது சரி? இங்கேதான் நம் வயல் நமக்கு உதவுகிறது.

ஆடுதுறைப் பண்ணையிலிருந்து ஒரு புது நெல் வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு அதை விதைத்தீர்கள், விளைச்சல் மிகுதி. விதையால் வந்ததா, மேட்டூரில் காலத்தே தண்ணீர் திறந்ததால் வந்ததா, எப்படித் தெரியும்? அதே நிலத்தில் ஒரு மாவில் புது நெல்லும், பக்கத்து மாவில் பழைய நெல்லும் நட்டு, ஒரே நீர், ஒரே எரு கொடுத்து அறுத்துப் பார்த்தால் தெரியும். எந்தப் பாத்தியில் எது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். இல்லையேல் நல்ல மண்ணைப் புது விதைக்கே ஒதுக்கிவிடுவோம். அறுத்து அளப்பவருக்கும் எது எந்த நெல் என்று தெரியாமலிருந்தால் இன்னும் நல்லது. மருந்துச் சோதனையும் இதுவேதான். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லா நீர். யாருக்கு எது என்பது குலுக்கலில். போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

அப்படிச் செய்த சோதனைகளும் அன்று ஒன்றுக்கொன்று முரண்பட்டன. இங்கிலாந்தில் பள்ளி முடிக்கும் வயதினரிடம் நடத்திய சோதனையில் பி.சி.ஜி. மிக நன்றாக வேலை செய்தது. அம்முடிவு 1956இல் வெளிவந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பலன் சொற்பமே. மண்ணுக்கு மண் விளைச்சல் மாறுகிறதே, நம் மண்ணில் எப்படி?

அதை அறிய 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரையும் சுற்றுக் கிராமங்களையும் எடுத்துக்கொண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஒரு பெருஞ்சோதனையைத் தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் சேர்ந்தார்கள். ஏழரை ஆண்டுகள் கண்காணித்தபின் வந்த முடிவைக் கேட்டு உலகமே திடுக்கிட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவே இல்லை! மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த பிற கிருமிகள் நம் உடலை முன்பே பழக்கிவிட்டதால், ஊசிக்குப் புதிதாகச் செய்ய ஒன்றும் இல்லாமற் போயிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதினர்.

அப்படியானால் இராஜாஜி வென்றாரா? பாதி வென்றார். சான்று போதாது என்று அவர் சொன்னது உண்மையாயிற்று. ஆனால் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை இவ்வூசி நன்கு தடுக்கிறது என்பதும், வலுக்குறைத்த அக்கிருமி கோடிக்கணக்கான குழந்தைகளுக்குத் தீங்கு செய்யவில்லை என்பதும் நிலைபெற்றன. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறோம். உங்களில் பெரும்பாலோர் இடது தோளில் அதன் தழும்பு இருக்கும். முடிவு வருமுன் 1972இல் இராஜாஜி மறைந்துவிட்டார். இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

இதில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. ஊசியை ஆதரித்தவர்களே சோதனை செய்து, தங்களுக்குப் பாதகமான முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். நம்பச் சொல்பவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். 1959இலும் சென்னையில் இவ்வாறே ஒன்று நடந்தது. செங்கிப்பட்டி போன்ற இடங்களில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தால்தான் காசநோய் குணமாகும் என்று மருத்துவர்களே நம்பிய காலத்தில், வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் அதே அளவு குணமடைகிறார்கள் என்று சேத்துப்பட்டு ஆய்வு காட்டியது.

இனிக் கொரோனாக் காலத்து மருந்துகள். 2021 ஏப்ரல், மே மாதங்களில் ரெம்டெசிவிர் குப்பிக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் வெயிலில் நின்ற கூட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டோம். நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. ஆனால் அம்மருந்து வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே கூறியிருந்தது. (நோயின் தொடக்கத்திலேயே கொடுத்தால் ஆபத்து மிகுந்தவர்களுக்குப் பயன்படலாம் என்று 2022இல் அது தன் கருத்தைத் திருத்தியது.) ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் வேலை செய்யவில்லை. பிளாஸ்மா சிகிச்சையை இந்திய ஆராய்ச்சிக் கழகமே சோதித்துப் பயனில்லை என்றது. எதிர்பாராத விதமாகக் கைகொடுத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே மூன்றில் ஒரு பங்கு இறப்பைக் குறைத்தது. தேவையற்றவருக்கு அளவுமீறிக் கொடுத்த இடங்களில் அவ்வகை மருந்தே கருப்புப் பூஞ்சைக்கும் வழி திறந்தது. கபசுரக் குடிநீரை அண்டா அண்டாவாகக் காய்ச்சித் தெருமுனையில் வழங்கினார்கள். குடித்ததில் பிழையில்லை, அதைக் குடித்தால் ஊசி வேண்டாம் என்றதுதான் பிழை.

தடுப்பூசியைப் பற்றிய ஐயங்களிலும் நியாயமானவை இருந்தன. கோவாக்சினுக்கு 2021 ஜனவரி 3ஆம் நாள் அவசர அனுமதி தந்தபோது, அதன் மூன்றாம் கட்டச் சோதனை முடிவு வரவில்லை. மருத்துவர்களே தயங்கினர். பின்னர் ஏறத்தாழ 25,800 பேரிடம் செய்த அச்சோதனையில், நோயைத் தடுக்கும் திறன் 77.8 விழுக்காடு என்று கண்டார்கள். விவேக்கின் மரணத்தை ஆராய்ந்த நிபுணர் குழு, ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் ஆறு மாதம் கழித்து வந்த பதில் என் பெரியம்மாவுக்குப் பயன்படவில்லை. கோவிஷீல்டால் மிக அரிதாக இரத்தம் உறையும் கோளாறு வந்ததும் உண்மை. அதை மூடி மறைத்துப் பேசியவர்கள் வதந்திக்குத்தான் உரமிட்டார்கள்.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் வேறொரு தயக்கமும் இருந்தது. பல்லாண்டுகளுக்கு முன் கருச்சிதைவு செய்யப்பட்ட சிசுவிலிருந்து வந்த உயிரணு வரிசையைச் சில ஊசிகளின் தயாரிப்பில் பயன்படுத்தியதே காரணம். வேறு ஊசி கிடைக்காதபோது அவற்றைப் போட்டுக்கொள்வது ஒழுக்கத்துக்கு மாறானதன்று என்று 2020 டிசம்பரில் வத்திக்கான் விளக்கியது; ஊசி விருப்பத்தின்பேரிலேயே இருக்கவேண்டும் என்றும் சொன்னது. கோவாக்சின் குரங்கின் சிறுநீரக உயிரணுவில் வளர்த்தது. அதில் இச்சிக்கல் எழவில்லை.

ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேள்விப்பட்டு வந்து, என் காதருகே கேட்டாள். அதற்குச் சான்று ஏதுமில்லை. சிலருக்கு மாதவிலக்கு ஓரிரு நாள் தள்ளிப்போகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. கேட்டதற்காக அவளைப் பாராட்டினேன்; கேட்காமல் அழுதுகொண்டிருந்தவர்கள் எத்தனை பேரோ!

பென்சிலால் எழுதிய அந்தத் தந்தையை மறுநாள் பள்ளிக்கு அழைத்தேன். சம்பா அறுவடைக்கு இயந்திரம் வந்து நிற்கிறது, சீக்கிரம் பேசுங்கள் டீச்சரம்மா என்றார். பாத்திக் கணக்கைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். பெரியவர்களிடம் 25,800 பேர், பிறகு கோடிக்கணக்கானோர். ஆனால் பிள்ளைகளிடம் சோதித்தது 525 பேரிடந்தான் என்பதையும் சொன்னேன். கை வலிக்கும், ஒரு நாள் காய்ச்சல் வரலாம், மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். "525 கம்மியா இருக்கே" என்றார். "ஆமாம் ஐயா, கம்மிதான்" என்றேன். "உங்க வீட்ல எல்லாரும் போட்டுக்கிட்டாங்களா?" என்று கேட்டார். பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பேனா கேட்டார்.

ஊசி போட்ட அன்றிரவு எட்டு மணிக்கு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "காய்ச்சல் அடிக்குது டீச்சரம்மா. நீங்க சொன்ன மாதிரியேதான்" என்றார். குரலில் கலக்கம் இல்லை.

கையெழுத்தில்லாத படிவங்கள் இன்னும் இரண்டு என்னிடம் இருந்தன. எவரையும் வற்புறுத்த வேண்டாமென்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் தவணைக்குக் குறித்த நாளில் அவ்விருவருள் ஒருத்தி தாயுடன் வந்து முதல் ஊசியைப் போட்டுக்கொண்டாள். மற்றவள் வரவில்லை.