மக்கள் உயர்பள்ளியும் குச்சவெளியும்

டென்மார்க்கின் மக்கள் உயர்பள்ளி, மொழிப் போராட்டத்திடையே தோன்றிய ஒரு கல்வி நிறுவனமாகும். இலத்தீனும் மனப்பாடமும் ஆண்ட பள்ளியை உயிரற்றதெனச் சாடிய குருண்ட்விக் (1783–1872), தாய்மொழியில் நிகழும் உயிருள்ள உரையாடலே கல்வியின் அடிப்படை என வாதிட்டார். அக்கருத்தைத் தழுவி, டேனிஷ் மொழியும் ஜெர்மன் மொழியும் மோதிய சிலெஸ்விக் பகுதியின் ரோடிங் ஊரில் 1844இல் முதற்பள்ளி எழுந்தது. 1864ஆம் ஆண்டுப் போரின் பின் அப்பகுதி பிரஷியாவின் வசமாகவே, 1865இல் புதிய எல்லைக்கு வடக்கே அஸ்கோவில் பள்ளிப்பணி தொடர்ந்தது.

வயல்வேலை குறைந்த குளிர்மாதங்களில் உழவர்வீட்டு இளைஞர் அங்குத் தங்கிப் பயின்றனர். ஆசிரியருடன் உண்டனர், பாடினர், வரலாறும் சமயமும் மொழியும் பற்றி விவாதித்தனர். தேர்வு இல்லை, புள்ளிகளும் இல்லை. எனவே கேட்டதை ஒப்புவிக்கும் கட்டாயமின்றி, அதனை மறுத்துரைக்கவும் மாணவர்க்கு இயன்றது.

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள குச்சவெளியில் மாரிக்காலத்தில் கடல் கொந்தளிக்க, மீன்பிடித்தொழில் தளர்கிறது. அவ்வோய்வுக்காலம், க.பொ.த. தேர்வோடு பள்ளியை விட்டு விலகிய இளைஞரின் கல்விக்காலமாகலாம். ஆயின் முன்மாதிரியை அப்படியே பெயர்த்து நடுதல் பயன்தராது. டேனிஷ் பள்ளி ஒரு தேசிய இனத்தின் தன்னுணர்வை வளர்த்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இப்பிரதேசத்திற்கு வேண்டியது, நிலம், கடல், மொழி ஆகியவை குறித்து மூவரும் ஒரே கூடத்தில் அச்சமின்றி வாதிடும் பள்ளியேயாகும்.