காசுக்கு ஒரு கட்டம் – 9: குழியில் உட்கார்ந்த சக்கரம்

சென்ற வாரம் அக்கசாலைக் குறிகளோடு நின்றது. வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். எந்தக் காசு எவ்வளவு அரிது என்று தரம் பிரிக்கும் விவகாரம் இந்த வாரம் என்று அறிவிப்பு. அதற்குள் திருவனந்தபுரம் குறுக்கே வந்துவிட்டது.

வரக் காரணம் ஒரு மரப்பலகை.

திருவிதாங்கூரின் கணக்கை முதலில் சொல்லியாக வேண்டும். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக, அந்த ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாயோ இருபத்தெட்டரை சக்கரம். சாலைக் கடைத்தெருவில் வெளியூர் வியாபாரிக்குச் சில்லறை கொடுத்தவர் இந்த அரைச் சக்கரத்தை மறந்தால், ரூபாய்க்கு எட்டுக் காசு கணக்கு உதைக்கும்.

தொல்லை அதோடு முடியவில்லை. அந்தச் சக்கரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க வெள்ளியில் வந்தது. அரை கிராம் எடைகூடக் கிடையாது. துவரம்பருப்பைவிடச் சற்றே அகலம். ஆயிரம் பிரிட்டிஷ் ரூபாயைச் சக்கரமாக மாற்றினால் 28,500 துண்டுகள். விரலில் நிற்காமல் வழுக்கும் இந்த வெள்ளித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எண்ண உட்கார்ந்தால் கருவூலத்தில் பொழுது விடிந்துவிடும்.

எண்ணவில்லை, அளந்தார்கள். சக்கரப் பலகை என்று ஒன்று இருந்தது. மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள். ஒவ்வொன்றும் சரியாக ஒரு சக்கரத்தின் அகலம், ஒரு சக்கரத்தின் ஆழம். கை நிறையக் காசை அள்ளிப் பலகைமேல் போட்டு மெதுவாக ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழும். மிஞ்சியதைக் கையால் வழித்துவிட வேண்டியது. குழி எல்லாம் நிறைந்ததா என்று ஒரு பார்வை. பலகையில் எத்தனை குழி என்பது ஏற்கெனவே தெரியும் என்பதால் எண்ணிக்கையும் தெரிந்தாயிற்று. கவிழ்த்துக் கொட்டிவிட்டு அடுத்த கைப்பிடி.

நாணயக் கேட்டலாக் போடுகிறவர்கள் இந்தப் பலகையைப் பார்த்துப் பொறாமைப்படலாம். அவர்கள் வேலையும் குழிக்கு ஒரு காசைப் பொருத்துவதுதான். ஆனால் சக்கரம் பலகையில் உட்கார்ந்த லட்சணத்துக்கு அவர்களுடைய பட்டியலில் உட்காருவதில்லை.

உலக நவீன நாணயச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் கே.எம். எண்ணை வைத்தே பேசிக்கொள்வார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஐயோலா என்ற சிற்றூரிலிருந்து செஸ்டர் கிராஸும் கிளிஃபோர்ட் மிஷ்லரும் 1972-இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்த பட்டியலின் எண் அது. நாடு, ஆட்சியாளர், மதிப்பு, உலோகம், ஆண்டு என்று அதில் கட்டங்கள். வடிவம் மாறாமல் உலோகம் மட்டும் மாறினால் எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு எழுத்து ஒட்டும். சின்ன வேறுபாடு என்றால் புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு. நேர்த்தியான ஏற்பாடு.

திருவிதாங்கூர் முதலில் ஆண்டுக் கட்டத்தில் இடறும். ஆண்டு பொறித்த காசுகளில் பெரும்பாலும் கொல்லம் ஆண்டு, ஆவணியில் பிறப்பது. நெல்லைப் பக்கத்துப் பழைய பத்திரங்களைப் புரட்டியவர்களுக்குப் பழகிய கணக்குதான். கொல்லம் 1114 என்றிருந்தால் ஆங்கிலத்தில் 1938 ஆகஸ்டிலிருந்து 1939 ஆகஸ்டு வரை. எந்த மாதத்தில் அச்சானது என்று காசு சொல்லாது. அதனால் பட்டியலில் 1938-39 என்று இரட்டை ஆண்டு. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கிராஸ் பட்டியல் பெருத்துப் பிற்பாடு நூற்றாண்டுக்கு ஒரு தொகுதியானது. 1801 முதல் 1900 வரை ஒன்று, 1901 முதல் 2000 வரை இன்னொன்று. கொல்லம் 1076 பிறந்தது 1900-இல், முடிந்தது 1901-இல். கத்தி சரியாக அந்த ஆண்டின் நடுவில் இறங்குகிறது.

அடுத்து ஆட்சியாளர் கட்டம். 1880 முதல் 1885 வரை ஆண்டவர் ராம வர்மா. அவருக்குப் பின் 1924 வரை ஆண்டவரும் ராம வர்மா. பட்டியல் அவர்களுக்கு ஐந்து, ஆறு என்று வரிசை எண் போட்டுச் சமாளிக்கிறது. திருவனந்தபுரத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. முன்னவர் விசாகம் திருநாள், பின்னவர் மூலம் திருநாள். பிறந்த நட்சத்திரம்தான் அடையாளம். காசில் நட்சத்திரம் இல்லையே! விசாகம் திருநாள் காலத்துத் தங்க சவரனில் 1881 என்று ஆண்டு இருப்பதால் பிழைத்தோம். ஆண்டே இல்லாத செப்புக் காசுகளுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

சேகரிப்பாளர்கள் அங்கே பிடித்துக்கொள்வது பின்னலெழுத்தை. ஆங்கில ஆர், வி இரண்டும் பின்னியிருந்தால் மூலம் திருநாள். முன்னால் ஒரு பி சேர்ந்தால் பால ராம வர்மா, அதாவது கடைசி மன்னர் சித்திரை திருநாள். சங்கு இரண்டு பேர் காசிலும் இருக்கும் என்பதால் அதை நம்பிப் பயனில்லை. சங்கு 1888-இல் வந்த முதல் திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளிலும் உண்டு. அவற்றின் விலையும் சக்கரத்தில்தான்: ஒன்று, இரண்டு, நான்கு. அஞ்சல் தலை சேர்ப்பவரும் காசு சேர்ப்பவரும் இந்த ஊரில் ஒரே வாய்ப்பாட்டை ஒப்பிப்பது அதனால்தான்.

1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் சமஸ்தானக் காசுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நாகர்கோவில் பக்கம் 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. காசுகள் பெட்டிகளில் தங்கிவிட்டன. நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு திருவனந்தபுரத்தை அடுத்த நெடுமங்காட்டில் கேரளத் தொல்லியல் துறையின் கோயிக்கல் அரண்மனை இருக்கிறது. அங்கே நாணயங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் உண்டு.

பக்கம் முடிந்துவிட்டது, அரிய காசு விவகாரம் தொடங்கவே இல்லை. அடுத்த வாரம் அது நிச்சயம். 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் கையில் இருப்பவர்கள் ஆண்டுக்குக் கீழே ஆங்கில எச் எழுத்து தெரிகிறதா என்று அதற்குள் பார்த்து வைக்கட்டும். அது பர்மிங்ஹாமில் அச்சானது. இந்திய ரூபாய் அங்கே ஏன் போனது என்பதிலிருந்து தொடங்கலாம்.

(தொடரும்)