குட்டைச் செம்பருத்தி எப்படி உருவாகிறது?

கடையில் பூத்துக் குலுங்கிய தொட்டிச் செம்பருத்தி, வீட்டுக்கு வந்த சில மாதங்களில் ஏன் நெடுநெடுவென வளர்கிறது? தண்டை நீட்டும் ஜிப்ரலின் ஹார்மோனைத் தடுக்கும் மருந்து கொடுத்தே பல செடிகளைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். அதன் வீரியம் தீர்ந்ததும் கணுக்கள் விலகிச் செல்கின்றன.

பிறவியிலேயே குட்டையான ரகம்தான் நிலையான வழி. அதை உருவாக்க, மலரவிருக்கும் மொட்டில் மகரந்தப் பைகளை அகற்றி, சூலகமுடியின் ஐந்து கிளைகளிலும் வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவுகிறார்கள். செம்பருத்தியின் குரோமோசோம் தொகுதிகள் பல, மரபும் கலப்பு. ஒரே காயின் விதைகள்கூட ஒன்றுபோல் வளர்வதில்லை. இந்தப் பன்மைதான் வளர்ப்பாளரின் செல்வம்! உயரம் மட்டும் பார்த்தால் போதாது: நெருங்கிய கணுக்களோடு, தானாகக் கிளைத்து, மொட்டு உதிர்க்காத நாற்று அரிது. கிடைத்துவிட்டால் பிறகு விதையை நம்புவதில்லை. தண்டு வெட்டி நட்டோ ஒட்டுக்கட்டியோ அப்படியே பெருக்குகிறார்கள்.