பதினேழு எழுத்தும் ஒரு டன் இரும்பும்

அமெரிக்க நகரங்களின் ஓரங்களில் மின்கம்பங்களில் அறைந்த அட்டைகளைப் பார்க்கலாம். 'ஓடாத காருக்கு ரொக்கம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு போன் நம்பர் இருக்கும். கூப்பிட்டால் வழக்கமாக நான்கு கேள்விகள் வரும். வண்டி ஸ்டார்ட் ஆகுமா? சக்கரங்கள் இருக்கின்றனவா? கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றாமல் அப்படியே வைத்திருக்கிறீர்களா? டைட்டில் உங்கள் பெயரில் இருக்கிறதா?

முதல் மூன்றும் விலைக்கான கேள்விகள். 'இல்லை' என்றால் தொகை குறையும், அவ்வளவுதான். நான்காவதுக்கு 'இல்லை' என்றால் பல மாநிலங்களில் பேரமே நின்றுவிடும். நொறுக்கி உருக்கப்போகிற வண்டிக்கு ஒரு தாள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒரு காரில் கடைசிவரை மதிப்புக் குறையாமல் இருப்பது அதன் எஞ்சினும் இல்லை, இரும்பும் இல்லை, அதன் நம்பர்தான். வண்டி செத்த பிறகும் நம்பர் உயிரோடு இருந்தால், அதை வாங்கிக்கொள்ளத் திருடர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் ஆர்.சி. ஒன்றே இரண்டு வேலை பார்க்கிறது. வண்டி யாருடையது என்றும் சொல்கிறது, சாலையில் ஓட்டவும் உரிமை தருகிறது. அமெரிக்காவில் இரண்டும் தனித்தனி. ஓட்டும் உரிமைக்கான பதிவை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். உடைமையைச் சொல்லும் பத்திரம்தான் டைட்டில். அதை அந்தந்த மாநில அரசு கொடுக்கிறது. வண்டியின் நம்பர், உரிமையாளர் பெயர், கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். விற்கும்போது அதில் கையெழுத்திட்டு, ஓடிய தூரத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். ஒஹாயோ போன்ற மாநிலங்களில் நோட்டரி முன்னிலையில்தான் கையெழுத்திட முடியும். கடன் அடைந்துவிட்டாலும் கடன் கொடுத்தவரின் பெயர் நீங்காமல் கிடந்தால், அவரிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கி வர வேண்டும். தொலைந்துபோனால் நகல் டைட்டிலுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரிதல்ல, பொறுமைதான் வேண்டும்.

டைட்டிலின் உயிர் அந்த நம்பரில் இருக்கிறது. 1981 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காருக்கும் பதினேழு இடங்கள் கொண்ட அடையாள எண் உண்டு. முன்கண்ணாடிக்கு அடியில், ஓட்டுநர் பக்கத்து மூலையில், வெளியே நின்றே படிக்கலாம். இலக்கங்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். ஐ, ஓ, க்யூ மூன்றும் மட்டும் வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்பதால் விலக்கிவிட்டார்கள். முதல் மூன்று எழுத்துகள் தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும். பத்தாவது எழுத்து மாடல் ஆண்டு, பதினொன்றாவது தொழிற்சாலை, கடைசி ஆறு இடங்கள் வரிசை எண். ஒன்பதாவது இடம் வண்டியைப் பற்றி எதுவுமே சொல்லாது. மற்ற பதினாறும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று காவல் காப்பது மட்டுமே அதன் வேலை.

அந்தக் காவல் எப்படி நடக்கிறது என்பதைக் காகிதமும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். எழுத்துகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மதிப்பு உண்டு. ஏ என்றால் 1, பி என்றால் 2 என்று போகும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெருக்கும் எண் உண்டு. இடமிருந்து வலமாக 8, 7, 6, 5, 4, 3, 2, 10, 0, 9, 8, 7, 6, 5, 4, 3, 2. ஒவ்வோர் இடத்தின் மதிப்பையும் அதற்குரிய எண்ணால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் ஒன்பதாவது இடத்தில் இருக்க வேண்டும். மீதி 10 என்றால் எக்ஸ். பதினேழு இடத்திலும் 1 போட்ட ஒரு நம்பரை எடுத்துக்கொள்வோம். கூட்டினால் 89. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 1. ஒன்பதாவது இடத்திலும் 1 இருக்கிறது, நம்பர் தேறியது. இப்போது கடைசி 1-ஐ ஒருவர் 7 என்று தவறாக எழுதிவிட்டார். கூட்டல் 101 ஆகிறது, மீதி 2. ஒன்பதாவது இடத்தில் இருப்பதோ 1. கம்ப்யூட்டர் அங்கேயே நிறுத்திவிடும்.

வகுக்கும் எண் 11 என்பது கணக்கறிந்த தேர்வு. அது பகா எண். ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் வரும் வித்தியாசம் 11-ஐவிடச் சிறியது. பெருக்கும் எண்ணும் சிறியது. அப்படிப்பட்ட இரண்டைப் பெருக்கி 11-இன் மடங்கை ஒருபோதும் உண்டாக்க முடியாது. அதனால் ஒற்றை இலக்கப் பிழை எதுவும் தப்புவதில்லை. அக்கம்பக்கத்து இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினாலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் இந்தக் கணக்கு பிழையைத்தான் பிடிக்கும், திருட்டைப் பிடிக்காது. நொறுங்கிய ஒரு காரின் உண்மையான நம்பர் தகட்டை எடுத்து, அதே மாடலில் திருடிய காரில் பொருத்திவிட்டால், பதினேழு இடமும் கச்சிதமாகப் பொருந்தும். கூடவே அசல் டைட்டிலும் இருந்தால் திருட்டுக் கார் சட்டப்படி மறுபிறவி எடுத்துவிடும். இதற்காகவே காயலான் கடைகளில் நம்பர் தேடி அலைந்த கூட்டம் உண்டு. வெள்ளத்தில் மூழ்கியது, விபத்தில் சிதைந்தது என்று ஒரு மாநிலம் டைட்டிலில் குத்திய முத்திரையை, இன்னொரு மாநிலத்தில் புது டைட்டில் வாங்கி அழித்துவிடும் வித்தையும் நடந்தது.

இந்த ஓட்டைகளை அடைக்கத்தான் 1992-இல் கார் திருட்டுத் தடுப்புச் சட்டம் வந்தது. மாநிலங்கள் அத்தனைக்கும் பொதுவான ஒரு டைட்டில் தரவுத்தளத்தை அது கொண்டுவந்தது. சட்டம் வந்து பதினேழு ஆண்டு கழித்து, 2009 மார்ச் இறுதியிலிருந்து, பழைய கார் யார்டுகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தங்கள் கைக்கு வந்த ஒவ்வொரு செத்த வண்டியின் நம்பரையும் மாதந்தோறும் அதில் தெரிவிப்பது கட்டாயமானது. ஒரு நாட்டின் கார்களுக்கான இறப்புப் பதிவேடு என்றே இதைச் சொல்லலாம். டைட்டில் எங்கே என்று போனில் கேட்கிறவர், அந்தப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

தாள் இந்தப் பக்கம் போக, வண்டி யார்டுக்குப் போகிறது. முதல் வேலை வடிப்பது. பெட்ரோல், எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் வடியும். ஏசி வாயுவை உறிஞ்சி எடுக்க வேண்டும். பழைய கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. பிறகு பேட்டரி.

2003-க்கு முந்தைய பல அமெரிக்கக் கார்களில் இன்னும் ஒன்றைத் தேடி எடுக்க வேண்டும். பானட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு சிறு விளக்கு எரியும் அல்லவா? அதன் சுவிட்சுக்குள் மாத்திரை அளவில் ஒரு குப்பி, அதற்குள் ஒரு கிராம் அளவில் பாதரசம். பானட் சாய்ந்தால் பாதரசம் உருண்டு போய் இரண்டு முனைகளையும் தொடும், விளக்கு எரியும். பாதரசம் 357 டிகிரியில் கொதிப்பது. எஃகு உலையின் வெப்பமோ 1,500 டிகிரிக்கு மேல். சுவிட்சோடு வண்டி உலைக்குப் போனால் அந்த ஒரு கிராமும் புகையோடு மேலே போய், ஏரியில் இறங்கி, மீனுக்குள் சேரும். 2006-இல் இவற்றைச் சேகரிக்க நாடு தழுவிய ஏற்பாடு ஒன்று தொடங்கியது. பத்து வினாடியில் கழற்றக்கூடிய ஒரு பொருள் எத்தனை ஏரிகளைக் காக்கிறது என்று நினைத்தால், அதைக் கழற்றும் தொழிலாளியின் மேல் பெரிய மரியாதை வருகிறது.

அடுத்தது, போனில் கேட்ட அந்தக் கன்வெர்ட்டர், புகையின் நச்சைக் குறைக்கும் கருவி. சைலன்சருக்கு முன்னால் ஒரு தகர உறைக்குள் தேன்கூடு போல நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி இருக்கும். அந்தத் துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். மூன்றும் சேர்ந்து சில கிராம்தான். 2021 மார்ச்சில் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், ரோடியத்தின் விலை 29,000 டாலரைத் தொட்டது. நிறுத்திவைத்த கார்களுக்கு அடியில் இரவோடு இரவாகக் கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போகும் திருட்டு அந்த ஆண்டுகளில் பெருகியதற்குக் காரணம் அந்தப் பூச்சுதான்.

மிச்சமுள்ள கூடு நொறுக்கும் எந்திரத்துக்குப் போகும். 1950-களின் இறுதியில் டெக்சாஸில் உருவான எந்திரம் அது. சுழலும் தண்டில் ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள சுத்தியல்கள் தொங்கும். முழுக் கார் ஒரு நிமிடத்துக்குள் கைப்பிடித் துண்டுகளாகச் சிதறும். இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் காந்தங்கள் மாற்றி மாற்றிப் பதித்த உருளையை வேகமாகச் சுழற்றினால், மேலே போகும் அலுமினியத் துண்டுக்குள் மின்னோட்டம் சுழித்து எழும். அந்தச் சுழல் தனக்கென ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கி உருளையை எதிர்க்கும். துண்டு தானாகத் துள்ளித் தள்ளிப்போய் விழும். ஃபாரடே 1831-இல் கண்டறிந்த விதி இன்று குப்பையைப் பிரிக்கிறது. சீட்டுக்கு அடியில் என்றோ நழுவிய சில்லறைக் காசுகளும் இந்தக் குவியலில்தான் வந்து சேரும். வளைந்த காசுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள அமெரிக்க நாணயச்சாலை ஒரு திட்டமே வைத்திருந்தது. பஞ்சு, ரப்பர், பிளாஸ்டிக் என்று எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இன்னும் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. அது இந்தத் தொழிலின் தீராத குறை.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பளிப்பது செம்பின் கதை. இரும்பை உருக்கி ஆக்ஸிஜனைச் செலுத்தினால் சிலிக்கான், மாங்கனீசு போன்றவை எரிந்து கசடாக மேலே மிதந்துவிடும். செம்போ எரியாது. இரும்பைவிட அதற்கு ஆக்ஸிஜன் மேல் நாட்டம் குறைவு. இரும்பு முழுதும் எரிந்து தீர்ந்த பிறகுதான் அதன் முறை வரும். ஆகவே ஒருமுறை உருக்கில் கலந்த செம்பை வெளியேற்றச் சிக்கனமான வழி கிடையாது. பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தகடாக அழுத்தும்போது மேற்பரப்பு இரும்பு துருவாக உதிர, செம்பு அடியில் தேங்கி, உருகி, எஃகின் மணிகளுக்கு இடையே கசிந்து விரிசல் விடவைக்கும். காரின் கதவுக்கான தகட்டில் செம்பு 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கட்டடக் கம்பி 0.4 சதவீதம் அளவுக்குத் தாங்கும். அதனால்தான் செத்த கார் பெரும்பாலும் இன்னொரு கார் ஆவதில்லை. கான்கிரீட்டுக்குள் கம்பியாகப் போய்விடுகிறது. நொறுக்குவதற்கு முன்னால் ஒயரிங்கை இழுத்துப் பிய்த்தெடுக்கும் கைதான் அந்த எஃகின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

இந்தச் சங்கிலி அறுந்துபோன காலமும் உண்டு. 1960-களில் பழைய இரும்பை அதிகம் கேட்காத புதுவகை உலைகள் வந்தன. காரை இழுத்துவரும் கூலிக்குக்கூட அதன் இரும்பு விலை கட்டாமல் போனது; மக்கள் நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டுத் தெருவிலேயே விட்டுச் சென்றார்கள். 1970 பிப்ரவரியில் ஜனாதிபதி நிக்சன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய சுற்றுச்சூழல் செய்தியில் கைவிட்ட கார்கள் ஒரு தனிப் பிரச்சினையாகவே இடம்பெற்றன. பழைய இரும்பையே தீனியாகக் கொண்ட மின்வில் உலைகள் பரவிய பிறகு நிலைமை மாறியது. இன்று அமெரிக்க எஃகில் சுமார் எழுபது சதவீதம் அந்த உலைகளில் பிறக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் கார்கள் அந்த நாட்டில் நொறுங்குகின்றன.

தாளும் உலோகமும் ஒரே நேரத்தில் செத்தாக வேண்டும் என்று ஓர் அரசே உறுதியாக இருந்தது 2009-இல். எரிபொருளை விழுங்கும் பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்க 300 கோடி டாலர் ஒதுக்கிய திட்டம் அது. 6,70,000-க்கு மேற்பட்ட கார்கள் வந்தன. அவை மறுபடி சாலைக்கு வராதிருக்க, டீலர் எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி எஞ்சினை ஓடவிடுவார். சூட்டில் நீர் ஆவியாக, கண்ணாடித் தூளாய் இறுகி பேரிங்குகள் பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் எஞ்சின் நின்றுவிடும், என்றென்றைக்கும். கூடவே டைட்டிலிலும் 'குப்பைக் கார்' என்று எழுதியாக வேண்டும்.

அமெரிக்க யார்டுகளில் இனி எம்.ஏ.ஜே. என்று தொடங்கும் நம்பர்களும் தென்படும். 'எம்.ஏ.' என்ற தொடக்கம் இந்தியாவுக்கு உரியது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் செய்து, கப்பலேறி, 2018 முதல் 2022 வரை அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு ஈகோஸ்போர்ட் கார்கள் அவை. பத்தாவது எழுத்து ஜே என்றால் 2018 மாடல், கே என்றால் 2019. மறைமலைநகர் ஆலையில் அந்தக் கார் இப்போது தயாராவதில்லை; பதினேழு எழுத்தில் மட்டும் ஊரின் தடம் இருக்கிறது.

விற்கிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதைச் செய்தே ஆக வேண்டும். டைட்டிலில் வாங்குபவர் பெயரை வெற்றாக விட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. கலிஃபோர்னியாவில் விற்ற ஐந்து நாளுக்குள் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பைத் தர வேண்டும். டெக்சாஸில் முப்பது நாளுக்குள் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத காலம்வரை அந்த வண்டி வாங்கும் அபராதச் சீட்டு பழைய முகவரிக்கே வரும்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். கார் கைமாறிவிட்டாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அழிந்த வண்டியைப் பற்றி உரிமையாளர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 2021 விதிகளின்படி பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் வண்டியைக் கொடுத்தால் அதற்கான சான்றிதழ் கிடைக்கும். புது வண்டி வாங்கும்போது வரிச் சலுகைக்கும் அது உதவும். பழைய வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு ரொக்கத்தை எண்ணிக்கொண்டு வந்தவர்கள், இன்றே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தப் பதிவு ரத்தாகிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.