நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே எத்தனை நாள்?

தட்டு மாற்றியாகிவிட்டது. லக்னப் பத்திரிகை வாசித்தாகிவிட்டது. இனி முகூர்த்த நாளை முடிவு செய்வது பெரும்பாலும் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை; கல்யாண மண்டபம்தான். ஆடியும் மார்கழியும் கழிந்த மிச்ச மாதங்களில் எந்தத் தேதி காலியோ அதுவே முகூர்த்தம். அதனால் சில வீடுகளில் மூன்றே வாரத்தில் தாலி ஏறுகிறது, சில வீடுகளில் ஒரு வருடம் இழுக்கிறது. என் கருத்தில் இரண்டுமே ஆபத்து. மூன்று மாதத்துக்குக் குறையவும் வேண்டாம், ஆறு மாதத்தைத் தாண்டவும் வேண்டாம்.

குறையக் கூடாது என்பதற்குக் காரணம், விசாரிக்க நாள் வேண்டும். வேலை, சம்பளம், கடன், ஏற்கெனவே மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பின் நகல், வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் பாஸ்போர்ட், விசாவின் வகை, அங்கே இருக்கும் முகவரி என எதையும் தரகர் சொல்லே போதுமென்று விடக் கூடாது. சொந்தத்துக்குள் முடிக்கிறவர்கள் மரபணு ஆலோசனைக்கும், தலசீமியா போன்ற நோய்க்கான ரத்தப் பரிசோதனைக்கும் போய்வர வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டப்படி மணப்பவர்களுக்குச் சட்டமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது: அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் மணம் முடிக்காவிட்டால் புதிதாக அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

நீளக் கூடாது என்பதற்கான காரணம் இன்னும் கசப்பானது. நாள் நீள நீளக் கேட்பதும் நீளும். நடுவில் வரும் தீபாவளிக்கு ஒரு சீர், பொங்கலுக்கு ஒரு சீர். பிறகு ஒரு சாயங்காலம் போன் வரும். “சம்பந்தி, நாங்க வாய் திறந்து எதுவும் கேக்கலை. எங்க பக்கம் சொந்தம் ஜாஸ்தி. மண்டபச் செலவை முழுசா நீங்களே பாத்துக்கிட்டா நல்லாருக்கும்.” பத்திரிகை அச்சாகி, ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகு வரும் பேச்சு இது. பெண்ணைப் பெற்றவர் என்ன சொல்வார்? “சரிங்க” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக வட்டிக்கு வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ!

அந்தப் பேச்சு வரதட்சணைக் கேட்புதான். வரதட்சணைத் தடைச் சட்டம், 1961, கல்யாணத்துக்கு முன்பு கேட்பதையும் குற்றமாகவே பார்க்கிறது. 1996-ல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கேட்டாலே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. வாங்கினால் குறைந்தது ஐந்து ஆண்டு. கொடுப்பதும் குற்றமாயிற்றே என்று பயந்து பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர் மேலேயே வழக்குப் போட முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலரே வரதட்சணைத் தடுப்பு அலுவலர். 181 என்ற எண்ணிலும் பெண்கள் உதவி கேட்கலாம்.

நிச்சயம் என்பது சட்டத்தின் கண்ணில் கல்யாணம் ஆகாது. நிச்சயமான பெண்ணையோ பிள்ளையையோ கட்டியே ஆக வேண்டுமென எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. தக்க காரணமில்லாமல் முறித்தால், ஆன செலவுக்கும் நஷ்டத்துக்கும் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். கல்யாணத்தை நம்பிக் கொடுத்த நகையையும் திரும்பக் கேட்கலாம். இழப்பீட்டு வழக்குக்கு மூன்று ஆண்டு கெடு உண்டு. ஆகவே மோதிரம், சங்கிலி, பணம் எதுவானாலும் தேதி போட்டு எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். வழக்குச் செலவுக்குப் பயப்படும் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100-ல் அழைக்கலாம். மண்டபக்காரர் முன்பணத்தைத் தர மறுத்தால் 1915-ல் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. முன்பணம் கட்டும்போதே, ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை ரசீதில் எழுதி வாங்குவது நல்லது.

நிச்சயமாகிவிட்டதே என்று அந்தரங்கப் படங்களை அனுப்பச் சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. உறவு முறிந்தபின் அவற்றைப் பரப்புவதாக மிரட்டினால் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். கல்யாண ஆசை காட்டி, செய்துகொள்ளும் எண்ணமே இல்லாமல் உடலுறவு கொண்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவின்படி பத்து ஆண்டு வரை சிறை உண்டு.

எனக்கு மிகவும் மனம் பதைப்பது ஒரு வகை நீண்ட நிச்சயத்தைப் பார்த்துத்தான். “பொண்ணுக்குப் பதினாறுதான். இப்போ நிச்சயம், பதினெட்டு ஆனதும் கல்யாணம்” என்பார்கள். அந்தப் பதினெட்டு பெரும்பாலும் வருவதற்குள் தாலி வந்துவிடும், படிப்பு நின்றுவிடும். குழந்தைகளுக்கு நிச்சயம் செய்வதையே தடை செய்யும்படி சட்டம் திருத்தப்பட வேண்டுமென்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. குழந்தைத் திருமண ஏற்பாடு நடப்பதாகத் தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள்; நீதித்துறை நடுவர் தடை உத்தரவு போட முடியும்.

பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருநாள், மகளையோ மகனையோ தனியாக உட்காரவைத்து, “உனக்கு மனசுக்குச் சம்மதமா?” என்று இன்னொரு முறை கேளுங்கள். தயங்கினால் மண்டபத்துக்குக் கட்டிய முன்பணத்தைப் பார்க்காமல் முகூர்த்தத்தைத் தள்ளிவையுங்கள்.